நான்காம் லைனின் பெருந்தன்மை

குடும்பம் என்கிற ஏற்பாடு பல்லாயிரம் ஆண்டுகளாக உலகில் நடந்துவந்தாலும், அது முழுமை அடைந்தது செல்போன் கம்பெனிகள் வீட்டுக்கே ஒரே பில் என்று ‘ஃபேமிலி பிளான்’ கொண்டுவந்த பிறகுதான் என்பது என்னுடைய தாழ்மையான ஆராய்ச்சி முடிவு. ரத்த பாசத்துக்கு மாதாந்தரக் கட்டணம் கிடையாது. அதனால்தான் அது அடிக்கடி துண்டிக்கப்பட்டுவிடுகிறது. ஃபேமிலி பிளானுக்கு அந்த ஆபத்தே இல்லை. பணம் தானாகப் போய்க்கொண்டிருக்கும், குடும்பமும் தானாக இருந்துகொண்டிருக்கும்.

என் பெயர் கிளென் ஸ்டோர்டால். மினசோட்டா மாநிலத்தில் ஹெர்மன்டவுன்வாசி. லூத்தரன் சர்ச் கட்டடக் கமிட்டியின் செயலாளர். வீட்டில் உள்ள நான்கு லைன்களுக்கும் ‘முதன்மைக் கணக்குதாரர்’. இந்தப் பதவிக்குத் தேர்தல் கிடையாது. கிரெடிட் கார்டு யாருடையதோ, பதவியும் அவருடையது.

முதல் லைன் நான். இரண்டாவது என் மனைவி மார்சி. மூன்றாவது, பள்ளிப் படிப்பின் கடைசி வருஷத்தில் இருக்கும் மகள் பிரிட்டா. நான்காவது, என் அம்மாவின் தம்பி ஓர்வில். வடக்கே ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டினால் வரும் ஏரிக்கரையில், கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல் தனியாக இருக்கிறார். முறைப்படி எனக்கு மட்டும்தான் மாமா. ஆனால் வீட்டில் எல்லோருக்கும் ‘ஓர்வில் மாமா’தான். அவரை எங்கள் பிளானில் சேர்த்துக்கொண்டது முழுக்க முழுக்கப் பாசத்தால். மூன்று லைன் எடுத்தால் நான்காவது இலவசம் என்று கம்பெனி அறிவித்த அதே வாரத்தில் அந்தப் பாசம் பொங்கியது தற்செயல்.

இந்தத் திட்டத்தின் மணிமகுடம் ‘அப்கிரேடு’. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு லைனுக்கும் சல்லிசான விலையில் புதுப் போன் வாங்கும் உரிமை வரும். அந்த உரிமையைத் தான் பயன்படுத்தாமல் அதே குடும்பத்தின் இன்னொரு லைனுக்கு மாற்றியும் கொடுக்கலாம். இதற்கு ‘அப்கிரேடு மாற்றம்’ என்று பெயர். தியாகம் என்ற சொல்லுக்கு எங்கள் நாட்டில் வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

எங்கள் ஊர் மரியாதையைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். மினசோட்டாக்காரன் எதையும் முதல் தடவை கேட்டதும் ‘சரி’ என்று சொல்ல மாட்டான். விருந்தில் தட்டில் கடைசிக் கேக் துண்டு இருக்கிறதா? “எடுத்துக்கங்க” என்பார்கள். “ஐயோ, வேண்டாம்” என்போம். “அட, எடுத்துக்கங்க!” “இல்ல இல்ல, வயிறு நிறைஞ்சிடுச்சு.” மூன்றாம் முறை வற்புறுத்திய பிறகு, “நீங்க இவ்வளவு தூரம் சொல்றதால…” என்று எடுத்துக்கொள்வோம். முதல் ‘வேண்டாம்’ என்பது தொண்டையைக் கனைத்துக்கொள்வது மாதிரி. அதை நிஜ ‘வேண்டாம்’ என்று எடுத்துக்கொள்கிறவன் காட்டுமிராண்டி, அல்லது நியூயார்க்கிலிருந்து வந்தவன்.

நிற்க. ஓர்வில் மாமாவின் லைனுக்கு முதல்முதலாக அப்கிரேடு வந்தபோது, முதன்மைக் கணக்குதாரர் என்ற பொறுப்புணர்ச்சியுடன் அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். “மாமா, புதுப் போன் வேணுமா?”

“அட, எனக்கெதுக்குப்பா? நீங்களே வெச்சுக்கங்க” என்றார்.

என்ன பெருந்தன்மை! அந்த அப்கிரேடை உடனே என் லைனுக்கு மாற்றிக்கொண்டேன். அன்று அவர் சொன்ன சொல்லை ‘நிரந்தர ஒப்புதல்’ என்று குடும்பத்தில் பதிவு செய்தோம். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பெரியவர்களைத் தொந்தரவு செய்வது எங்கள் வளர்ப்பில் இல்லை. அடுத்த அப்கிரேடு மார்சிக்குப் போனது. அதற்கடுத்தது பிரிட்டாவுக்கு, ஊதா நிறத்தில் ஒன்று வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் சாப்பாட்டு மேஜையில் மாமாவுக்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம் போட்டோம். “என்ன பெருந்தன்மை!” என்று மூவரும் ஒரே குரலில் சொல்வோம். அவருக்கும் சொல்லியிருக்கலாம். போன் செய்தால் பேச்சு வளர்ந்துவிடுமே என்று விட்டுவிட்டோம்.

நான்காம் லைனின் நன்னடத்தையை என்னவென்று சொல்வது? என் மகளின் லைன் இணையத்தைக் கிணறு மாதிரி இறைத்துக்கொண்டிருக்கும். மாமாவின் லைனிலிருந்து போன இரண்டு குளிர்காலமாக ஒரு அழைப்பு இல்லை, ஒரு குறுஞ்செய்தி இல்லை. சுத்தமான பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைக் காட்டித்தான் பிரிட்டாவுக்குப் புத்தி சொல்வேன். நவம்பர் கடைசியில் குடும்பமெல்லாம் கூடும் தேங்ஸ்கிவிங் விருந்துக்கு இரண்டு வருஷமும் தவறாமல் மாமாவுக்குக் குறுஞ்செய்தியில் அழைப்பு அனுப்பினோம். பதில் வரவில்லை. ‘வர இஷ்டமில்லை போலும்’ என்று அவர் மௌனத்தை மதித்து, வான்கோழியின் இன்னொரு காலையும் நானே சாப்பிட்டேன்.

கம்பெனி அனுப்பும் அறிவிப்புகள் எதையும் நான் அலட்சியம் செய்வதில்லை. ஒவ்வொன்றின் தலைப்பையும் படித்துவிடுவேன். ‘உங்கள் லைன்களில் ஒன்று, விரைவில் மூடப்படும் பழைய நெட்வொர்க்கில்’ என்று ஒரு தலைப்பு முன்பு வந்தது. மிச்சத்தைப் படிக்க அன்று ஹாக்கி ஆட்டம் இடம் கொடுக்கவில்லை.

இந்த நவம்பரில் நான்காம் லைனுக்கு மறுபடி அப்கிரேடு வந்தது. குடும்பப் பேரவையைக் கூட்டினேன்.

“இந்த முறை அது எனக்கு வரணும்னு முன்மொழிகிறேன்” என்றேன். “ஏரி ஐஸ்ல மீன் பிடிக்கப் போட்ட ஓட்டையில என் போன் விழுந்து எழுந்ததிலேர்ந்து, பேசினா மீன் தொட்டிக்குள்ளேர்ந்து பேசற மாதிரி இருக்காம்.”

“முன்னாடியும் நீ அப்படித்தான் பேசினே” என்றாள் மார்சி. “எனக்குத்தான் வேணும். என் கேமரால எல்லார் முகமும் பச்சையா விழுது.”

“மாமாவுக்கு வேணுமான்னு யாராவது கேட்டீங்களா?” என்றாள் பிரிட்டா.

“அது பழைய அஜெண்டா. முடிஞ்சுபோன விஷயம்” என்று தலைவர் என்ற முறையில் தீர்ப்பளித்தேன். வாக்கெடுப்பில் எனக்கு ஒன்று, மார்சிக்கு ஒன்று, பிரிட்டா நடுநிலை. சமநிலை ஏற்பட்டால் கிரெடிட் கார்டுக்காரருக்கு இன்னொரு வாக்கு உண்டு.

உடனே கம்பெனிக்குப் போன் செய்தேன். டார்லா என்ற பெண் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

“ரொம்ப சந்தோஷம் சார். புதுப் பாதுகாப்பு விதி ஒண்ணு வந்திருக்கு. அப்கிரேடு யாரோட லைன்லேர்ந்து போகுதோ, அந்தப் போனுக்கு இப்ப ஆறு இலக்க எண் அனுப்பியிருக்கேன். அதைப் படிங்க.”

“அது எங்க மாமா போன்.”

“அப்ப மாமாவைக் கேட்டுச் சொல்லுங்க.”

“மாமாவையா? எதுக்கு?”

“அது அவரோட அப்கிரேடு சார்.”

“சட்டப்படி அப்படித்தான்” என்று ஒப்புக்கொண்டேன். “ஆனா நடைமுறையில…”

“நடைமுறையில ஆறு இலக்க எண் வேணும் சார். இன்னைக்கு வேற ஏதாவது உதவி வேணுமா?”

மாமாவின் எண்ணைப் போட்டேன். தொடர்புகொள்ள முடியவில்லை என்று ஒரு குரல் சொன்னது. மறுபடி போட்டேன். அதே குரல்.

மார்சியின் முகம் மாறியது. “கிளென், அவரு உயிரோடதான் இருக்காரா?”

“லைன் ஆக்டிவ்னு கம்பெனியே போட்டிருக்கான்.”

“நான் லைனைக் கேக்கல.”

சனிக்கிழமை காலை மூவரும் காரில் ஏறினோம். மார்சி ஒரு தட்டு நிறைய எலுமிச்சை கேக் துண்டுகள் செய்து எடுத்துக்கொண்டாள். அந்த ஆறு இலக்க எண் கிடைக்குமா என்ற கவலை எனக்கு. மற்ற இருவருக்கும் வேறு ஏதோ கவலை.

கதவைத் தட்டியதும் திறந்தவர் ஓர்வில் மாமாவேதான், கம்பளிச் சட்டையும் தொப்பியுமாக. எங்களைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

“யாருடா போயிட்டாங்க?” என்றார்.

“யாரும் போகல மாமா. சும்மா உங்களப் பாத்துட்டுப் போகலாம்னு…”

“சும்மாவா?” என்று காருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், சவ வண்டி ஏதும் வருகிறதா என்று. பிறகு எங்களை உள்ளே விட்டார்.

அடுப்பில் காபி இருந்தது. தூண்டில் கடைக்காரன் கொடுத்த காலண்டர் சுவரில் தொங்கியது. அதில் இந்த நவம்பரின் ஒரு தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அப்கிரேடு வந்த அதே தேதி. என்ன ஒற்றுமை என்று வியந்துகொண்டே உட்கார்ந்தேன். பனி, மீன், பக்கத்து வீட்டு நாயின் இடுப்பு வலி என்று முறைப்படி பேசிவிட்டு, “மாமா, உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். அதைக் கொஞ்சம் படிச்சீங்கன்னா…” என்றேன்.

அவர் எழுந்து, தூண்டில் முள் வைத்திருக்கும் டிராயரிலிருந்து அந்தப் பழைய மடக்குப் போனை எடுத்து வந்து மேஜை நடுவில் வைத்தார்.

“இது செத்து ரெண்டு குளிர்காலம் ஆச்சு. இருந்தாலும் நம்பர் வரும்னு நீ சொல்ற. இருந்து பாப்போம்” என்று கைகட்டி உட்கார்ந்துகொண்டார்.

நான்கு பேரும் சிறிது நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“அப்ப தேங்ஸ்கிவிங்குக்கு நாங்க கூப்பிட்டது…” என்றாள் மார்சி.

“கூப்பிட்டீங்களா? எதுல?”

“இதுல” என்றாள், மிக மெல்லிய குரலில்.

“அப்படியா. நான் வேற மாதிரி நெனச்சுட்டேன்” என்றார் மாமா. அந்த வேற மாதிரி என்னவென்று யாரும் கேட்கவில்லை. நான் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். காபி தண்ணியாக இருந்ததும் ஒரு காரணம்.

“கடைக்குப் போயிருக்கலாமே மாமா?” என்றேன்.

“போனேனே! புதுசு ஒண்ணு குடுன்னேன். கடைக்காரப் பொண்ணு கம்ப்யூட்டரைப் பாத்துட்டு, ‘போன மாசம்தானே வாங்கினீங்க, ஊதா கலர்ல’ங்கறா. அதுக்கு முன்னாடியும் ரெண்டு வாங்கியிருக்கேனாம். இன்னொண்ணு வேணும்னா ரெண்டு வருஷம் பொறுங்க, இல்லாட்டி முழு விலைன்னா. முழு விலை குடுக்க நான் என்ன மினியாபோலிஸ் பட்டணத்துக்காரனா? சரி, ஊதா போன் எங்க வெச்சோம்னு வீட்டுக்கு வந்து தேடினேன். ஃப்ரீசர்ல தேடினேன். படகுல தேடினேன். மீன்பிடிக் குடிசையோட தரைப் பலகையைப் பேத்துப் பாத்தேன். மூணு போன் வாங்கிட்டு மூணையும் மறந்திருக்கேன்னா புத்தி பேதலிச்சுப்போச்சுன்னுதானே அர்த்தம்? டாக்டர்கிட்ட போனேன். மறதி நோய் இருக்கான்னு பாக்கக் கடிகாரம் வரையச் சொன்னார். வரைஞ்சேன். நல்லாத்தான் இருந்துச்சு. இருந்தாலும் பயம் போகல. ராத்திரில கார் எடுக்கறதையே விட்டுட்டேன்.”

பிரிட்டா, மேஜையில் கவிழ்த்து வைத்திருந்த தன் போனை மடியை நோக்கி மெதுவாக நகர்த்திக்கொண்டிருந்தாள். அது அந்த நேரம் பார்த்து ‘டிங்’ என்றது. மாமா திரும்பிப் பார்த்தார். அதன் ஊதா முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

“அடடே, கிடைச்சிடுச்சு!” என்றார்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “என் மூளை நல்லாத்தான் இருக்கு! மார்சி, கேட்டியா, நல்லாத்தான் இருக்கு!” பிரிட்டா அழுதுகொண்டிருந்தாள். மார்சி என்னைப் பார்த்த பார்வையைச் சர்ச் கமிட்டிக் குறிப்பேட்டில் எழுதிவைக்க முடியாது.

நிலைமையைச் சட்டப்படி தெளிவாக்குவது என் கடமை. “மாமா, அன்னைக்கு நான் கேட்டப்ப நீங்கதானே வேண்டாம்னு சொன்னீங்க?”

“சொன்னேன். ஒரு தடவை சொன்னேன்” என்றார் மாமா. “மறுபடி நீ கேப்பேன்னு போனைக் காதுலயே வெச்சிருந்தேன். நீ கட் பண்ணிட்டே. வேற போன் வந்திருக்கும் போல, இப்பக் கூப்பிடுவான்னு நெனச்சேன்.”

ஆறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாரா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

பிரிட்டா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “மாமா, உங்களுக்குப் புதுப் போன் வேணுமா?”

“ஐயோ, எனக்கெதுக்கும்மா?”

“அட, வாங்கிக்கங்க மாமா.”

“இல்லம்மா, அப்பாவுக்கு வேணுமாம் பாரு.”

“அவரு மீன் தொட்டிலேர்ந்தே பேசட்டும். வாங்கிக்கங்க மாமா, ப்ளீஸ்.”

மாமா காலண்டரின் சிவப்பு வட்டத்தைப் பார்த்தார். “நீ இவ்வளவு தூரம் சொல்றதால…” என்றார்.

மத்தியானமே கடைக்குப் போய் வாங்கிவிடுவது என்று, என்னுடைய இரண்டு வாக்குகளையும் எண்ணாமல், தீர்மானம் நிறைவேறியது. வருகிற தேங்ஸ்கிவிங்குக்கு அவரைக் கூட்டிப்போகப் பிரிட்டாவே காரோடு வருவதாகவும் முடிவானது. எல்லோரும் மார்சியின் கேக் துண்டுகளைச் சாப்பிட ஆரம்பித்தார்கள். நான் மட்டும் கவலையில் ஒரு துண்டுகூட எடுக்கவில்லை. பார்த்தால் தட்டில் ஒன்றே ஒன்று மிச்சம்.

மாமா தட்டை என் பக்கம் நகர்த்தினார். “கிளென், கடைசித் துண்டு. எடுத்துக்கோ.”

நல்ல பசி. வீட்டுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரப் பயணம். ஆனால் வளர்ப்பு என்று ஒன்று இருக்கிறதே. “ஐயோ, வேண்டாம் மாமா” என்று சொல்லி, அடுத்த வற்புறுத்தலுக்காகப் பணிவோடு காத்திருந்தேன்.

மாமா அதை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டார்.

“என்ன பெருந்தன்மைடா உனக்கு!” என்றார்.