மதிலோரத்து மணி

உருண்டை நாட்டைச் சுற்றி வட்ட மதில் உண்டு. உள்ளே இடம் போதாதபோது அந்த நாடு இரண்டாகப் பிரியும். பிரிவதற்கு முன், எட்டு நாட்களுக்குள், ஒவ்வொரு வீட்டின் ஏட்டுக்கும் நகல் எழுதியாக வேண்டும். ஏடு இங்கேயே இருக்கும். நகல் புதிய நாட்டுக்குப் போகும். நகல் இல்லாத வீடு அங்கே முளைக்காது.

எழுத்தர்கள் அகலமான நடுவீதியில்தான் தொடங்குவார்கள். மதிலோரத் தெருக்களை நெருக்கி மடித்து, மதிலோடு கயிற்றால் கட்டியிருந்தார்கள். அங்கே எட்டாம் நாள்தான் ஆள் வரும்.

பேச்சாயியின் வீடு மதிலை ஒட்டி இருந்தது. பிரிந்தது போதும் என்று மணியடித்து நிறுத்துவது அந்த வீட்டின் வேலை. தன் ஏடு விட்டுப்போகுமோ என்று அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள் நடுவீதிக்கே போய் நின்றாள்.

"சாமி, இந்தத் தடவ எங்க தெருவுக்குக் கொஞ்சம் முன்னாடியே ஆள் அனுப்புங்க."

"உங்களைப் பாதுகாப்பாகக் கட்டிவைத்திருக்கிறோமே, போதாதா?" என்றார் மந்திரி மையநாதர்.

"கட்டிப்போட்டதாலதான சாமி ஆளு நுழைய முடியல?"

மந்திரி நெடுநேரம் சிந்தித்தார். மறுநாள் ஆணை வந்தது: மதிலோரத்தில் எழுத்தர்கள் திணறுவதால் அவர்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைக்கப்படுகிறது. அதற்கடுத்த நாள் இன்னொன்று: குறைந்த எழுத்தர்கள் அதிகம் நடக்காதிருக்க, தெருக்கள் மேலும் இறுக்கி மடிக்கப்படும்.

எட்டாம் நாள் எழுத்தர் ஏகாம்பரம் பக்கவாட்டில் நசுங்கி நசுங்கி வந்து சேர்ந்தார்.

"அக்கா, மை தீந்துபோச்சு."

"தண்ணி ஊத்தித் தொட்டு எழுதுய்யா. என் வீடு ஒண்ணுதான பாக்கி."

அவர் குனிந்தார். பிரிவு முரசு ஒலித்தது. நிமிர்ந்தார், அவள் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

நாடு பிரிந்தது. பேச்சாயி மணியடித்தாள், இங்கே பிரிவது நின்றது. மதிலுக்கு அப்பால், புதிய நாட்டில், அவள் வீடு முளைக்கவில்லை; அதன் மதிலில் மணி மட்டும் தொங்கியது, இழுக்கக் கையில்லை. அந்த நாடு இரண்டானது. இரண்டு நான்கானது.

சில மாதங்களில் நான்கு பக்கமும் மதிலை ஏதோ உரசத் தொடங்கியது. பேச்சாயியின் வீட்டெதிரே மதில் ஒரு சாண் உள்ளே பிதுங்கியது. அவள் கை ஓயும்வரை மணியடித்தாள்.

"நம் சந்ததி பெருகுகிறது. வளர்ச்சி என்பது இதுதான்!" என்று மந்திரி நடுவீதியில் முழங்கினார்.

அதே நொடியில், அதே குரலில், அதே சொற்கள் மதிலுக்கு வெளியே ஆயிரம் இடங்களிலிருந்து கேட்டன. மந்திரியின் ஏடு ஒவ்வொரு முறையும் முதல் நாளே, ஓர் எழுத்துகூடப் பிசகாமல், நகலாகிவிடும்.