மதுரத்துக்கு வலி இல்லை

எத்தனையோ ராஜாக்கள் குளம் வெட்டினார்கள், கோயில் கட்டினார்கள், சாலையில் மரம் வைத்தார்கள். ஆனால் ஒரு பெண்பிள்ளையின் அடிவயிற்று வலியை ரப்பர் முத்திரை குத்தியே இல்லாமல் ஆக்கிய பெருமை நம் சர்க்காருக்கு மட்டுமே உரியது. அந்த அருளுக்குப் பாத்திரமான பாக்கியசாலியின் பெயர் மதுரம். மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் குலுங்கி, வாய்க்கால் கரையோடு ஒரு மைல் நடந்தால் வரும் குறிச்சிப்பத்தில், சாம்பசிவம் பண்ணையின் ஆறு மா நிலத்துக்குக் குத்தகைக்காரி. புருஷன் பாம்பு கடித்துச் செத்த பிறகு பதிவேட்டில் அவள் பெயர்தான் ஏறியிருந்தது. அந்த நெல்லில்தான் மூன்று பிள்ளைகளும் சாப்பிட்டன.

புருஷன் உயிரோடு இருந்த காலத்தில், எழுபத்திரண்டாம் வருஷம், ஊருக்குக் கருத்தடை முகாம் வந்தது. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பில் ஆபரேஷன், நான்காம் வகுப்பில் மயக்கம் தெளிதல். ஒரே நாளில் நூற்றுப் பதினோரு பெண்கள். வேறெங்கும் இல்லாத ‘சாதனை’ என்று டாக்டருக்கு வெள்ளிக் கோப்பை கொடுத்தார்கள். மதுரத்துக்குப் பச்சை பிளாஸ்டிக் வாளி. நல்ல வாளி, குறை சொல்லக்கூடாது. தையல் பத்து நாள் சீழ் பிடித்து ஆறிய பிறகு, அதில் தண்ணீர் நிரப்பினால் தூக்க அவளால் முடியவில்லை. அது வாளியின் குற்றமல்ல.

வலி வந்தது. வந்தது போகவில்லை. சுகாதார நிலையத்து நர்ஸ் ஹமீதா பானு ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு அவளுக்கு விஷயத்தைச் சொன்னாள்.

“உள்ள ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கும்மா. கத்தி பட்ட எடம் ஆறுறப்போ கொடலும் கர்ப்பப்பையும் பசை போட்டாப்புல பிடிச்சுக்கும். எக்ஸ்ரேயில தெரியாது. தஞ்சாவூர்ல பெரிய டாக்டருங்க தெறந்து பாத்து பிரிச்சு விடுவாங்க. ஆனா அதுக்கு நம்ம டாக்டர் எழுதிக் குடுக்கணும்.”

டாக்டர் எழுதவில்லை. ‘முகாமில் எவ்விதச் சிக்கலும் இல்லை’ என்று மேலே அறிக்கை போய், கோப்பையும் வந்தாயிற்று. மேலே போன அறிக்கைக்கு விரோதமாகக் கீழே ஒரு வயிறு நடந்துகொள்வது ஒழுங்கீனம் அல்லவா? அவர் பெருந்தன்மையாக அதைக் கண்டுகொள்ளாமல், ரோஸ் கலர் மிக்ஸர் மருந்து கொடுத்து, சீட்டில் ‘நோய் ஏதுமில்லை’ என்று எழுதி அனுப்பினார். அவர் மாறிப்போய் அடுத்தவர் வந்தார். முந்தின சீட்டைப் பார்த்து அவரும் அப்படியே எழுதினார். ஆட்சி மாறியது, ஆபீஸ் சுவரில் மாட்டிய படம் மாறியது, மிக்ஸரின் கலர் மட்டும் மாறவில்லை. ஒன்பது வருஷத்தில் நாற்பத்து மூன்று சீட்டு. என்றைக்காவது தஞ்சாவூர் டாக்டரிடம் காட்டலாம் என்று மதுரம் அத்தனையையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். பாவம், அவளுக்கும் ஒரு ஆசை.

இந்த நேரத்தில்தான் சாம்பசிவம் குடும்பத்தோடு மெட்ராஸுக்குக் குடிபோனார். போகும்போது, ஆறு மா நிலத்தையும் மீட்டு விற்றுவிடும்படி காரியஸ்தர் ரெங்கசாமியிடம் சொல்லிவிட்டுப் போனார். குத்தகைக்காரரை வெளியேற்ற முடியாதபடி சட்டம் போட்டிருந்தார்கள். ரெங்கசாமி சட்டத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். பாதுகாப்பு வேண்டுமென்றால் குத்தகைக்காரர் ‘தன் உடலுழைப்பால்’ சாகுபடி செய்ய வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. பிள்ளைகளோ சின்னதுகள். அன்றிலிருந்து அவர் ஒரு நோட்டும் குடையுமாக மதுரத்தின் வரப்பில் உட்கார ஆரம்பித்தார். இரண்டு சாகுபடி முழுக்க உட்கார்ந்தார். பிறகு மனு போட்டார்.

தாசில்தார் நிலத்துக்கே விசாரணைக்கு வந்தார். தலையாரி நாற்காலியை வரப்பில் போட்டு, அது சேற்றில் இறங்காதபடி பின்னால் பிடித்துக்கொண்டு நின்றான். ரெங்கசாமி நோட்டைத் திறந்தார்.

அப்படி ஒரு வாக்குமூலத்தை எந்த மருத்துவக் கல்லூரியிலும் கேட்டிருக்க முடியாது. வலி தொப்புளுக்குக் கீழே வலப்பக்கம் தொடங்குகிறது, இடுப்பைச் சுற்றி முதுகுக்குப் போகிறது, நடவில் மூன்றாவது முடி நாற்றுக்கட்டை எடுக்கும்போது அவள் நிமிர்ந்து பல்லைக் கடிக்கிறாள், ஐந்தாவதில் வரப்பில் உட்கார்ந்து முழங்காலை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொள்கிறாள், வீட்டுக்குத் தூரமான நாட்களில் வயலுக்கே வருவதில்லை, ஒதுக்குப்புறம் போனால் கண்ணீரோடுதான் திரும்புகிறாள் என்று தேதி வாரியாகப் படித்தார். ஒரு தேதியும் பிசகவில்லை.

மதுரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நிலம் போகிறதே என்று அழுகிறாள் என்று தலையாரி நினைத்தான். அதில்லை. தன் வயிற்றுக்குள் நடப்பதை இன்னொரு மனிதர் வாயால் உரக்கச் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒன்பது வருஷமாக அவள் சொல்லச் சொல்ல யாரும் எழுதிக்கொள்ளாததை இந்த மனுஷர் எழுதி வைத்திருக்கிறார். ஆமாங்க, எல்லாம் நிஜங்க என்று அவர் காலில் விழலாம் போல அவளுக்கு இருந்தது.

தாசில்தார் கண்ணாடியைக் கழற்றினார்.

“யோசிச்சுச் சொல்லும்மா. வலி இருந்து வேலை செய்ய முடியலைன்னா, சட்டப்படி நெலம் பண்ணைக்குப் போயிடும். உனக்கு வலி இருக்கா, இல்லையா?”

மதுரம் வயலைப் பார்த்தாள். கரையில் நின்ற மூன்று பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு கையோடு கொண்டுவந்திருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து நாற்பத்து மூன்று சீட்டையும் நாற்காலியருகே வைத்தாள்.

“இல்லீங்க. சர்க்கார் டாக்டருங்களே எழுதியிருக்காங்க.”

தாசில்தார் ஒவ்வொன்றாகப் புரட்டினார். நோய் ஏதுமில்லை. நோய் ஏதுமில்லை. இத்தனை ஒருமனதான சாட்சியத்தை அவர் தம் சர்வீஸில் பார்த்ததில்லை. ஆனாலும் நியாயத்துக்குக் குறை வரக்கூடாது என்று, ஆறு முடி நாற்று நட்டுக் காட்டச் சொன்னார். மதுரம் புடவையை வரிந்து கட்டிச் சேற்றில் இறங்கினாள். மூன்றாவது முடியில் நிமிரவில்லை. ஐந்தாவதில் உட்காரவில்லை. ஆறையும் நட்டு முடித்துத்தான் நிமிர்ந்தாள். முகத்தில் சிரிப்பு இருந்ததாகக் குமாஸ்தா குறித்துக்கொண்டார். உதட்டில் ரத்தம் இருந்தது. அதற்கு நமூனாவில் கட்டம் இல்லை.

‘மேற்படி மதுரத்துக்கு வலி இல்லை, நிலம் அவர் வசமே நீடிக்கும்’ என்று உத்தரவாயிற்று. பண்ணை அப்பீல் செய்தது. அந்த மாதமே சுகாதார நிலையத்துக்கு ஒரு புது டாக்டர் வந்தார். சின்ன வயது. மதுரத்தின் வயிற்றைத் தொட்டுப் பார்த்த மாத்திரத்தில், தஞ்சாவூருக்கு எழுதித் தருகிறேன் என்று அவராகவே பேனாவை எடுத்தார். ஹமீதா பானு அவளை வெளியே அழைத்துப் போனாள்.

“வேணாம் மதுரம். ஒத்த வரி எழுதினாலும் அப்பீல்ல அதுதான் சாட்சி. கேஸ் முடியற வரைக்கும் இந்தப் பக்கமே வராதே.”

அப்பீலுக்கு இது ஐந்தாவது வருஷம். ஒவ்வொரு நடவுக்கும் ரெங்கசாமி தவறாமல் வந்து வரப்பில் குடை விரிக்கிறார். மூன்றாவது முடியில் நோட்டைத் திறந்து, மெதுவாகக் கேட்கிறார்.

“வலிக்குதா மதுரம்?”

இந்தப் பதினான்கு வருஷத்தில் அவளிடம் அந்தக் கேள்வியை விடாமல் கேட்டு, பதிலை எழுதிக்கொள்ளக் காத்திருக்கும் ஒரே மனிதர் அவர்தான். மதுரம் நிமிராமலே பதில் சொல்கிறாள்.

“இல்லீங்க.”