ஜேடர்பாளையத்துக் கல்

நான் அடித்த கோல்களிலேயே மிக அழகானதை ஆபரேஷன் தியேட்டரில்தான் அடித்தேன். கைதட்டத்தான் ஆளில்லை.

மதராஸில் மருத்துவம் படித்தபோது கல்லூரி அணிக்கு நான்தான் சென்டர் ஃபார்வர்டு. (படிப்பில் எப்படி என்று கேட்காதீர்கள்.) அறுபதுகளின் தொடக்கத்தில் சொந்த ஊரான சேலத்துக்கே ஆஸ்பத்திரி வேலைக்கு வந்தபோது, இந்த ஜில்லாவில் கத்தி பிடிக்கப் பிறந்தவன் நான் ஒருவன்தான் என்று அசைக்க முடியாத நம்பிக்கை. ஆனால் பெரிய டாக்டரிடம் ஒரே ஓர் உதவியாளர் இடம்தான் இருந்தது. போட்டிக்கு சந்தானம். அவனும் என் கல்லூரிதான், எங்கள் கோல்கீப்பர். தோற்றவன் காய்ச்சல் வார்டுக்குப் போகவேண்டும். எனக்கோ சர்ஜன் ஆகாவிட்டால் உயிரே போய்விடும் போலிருந்தது.

அந்தக் கோல் விழுந்த அன்றைக்கு, நாங்கள் இருவரும் உதவிக்கு நிற்க, மேஜைமேல் ஜேடர்பாளையத்து விவசாயி ஒருவர். மூத்திரப்பையில் கல். இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டிருந்தோம். நெஞ்சுக்கு மேலே ஒரு திரை. அதற்குப் பின்னால் ஆள் முழு நினைவோடு பேசிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் எடுத்த கல்லைக் கண்ணால் பார்த்தால்தான் ஆபரேஷன் நடந்ததாகவே ஒப்புக்கொள்வார்கள். அதற்காக வராண்டாவில் உறவுக்கூட்டமே காத்திருந்தது.

எலுமிச்சங்காய் அளவுக் கல்லை இடுக்கியால் எடுத்தார் பெரிய டாக்டர். நான் கிண்ணத்தை ஸ்டைலாக நீட்டினேன். (ஒற்றைக் கையால். கேட்பானேன்!) கல் விளிம்பில் பட்டுத் தெறித்தது.

சந்தானம் பாய்ந்தான். பழக்கதோஷம், இரண்டு கையும் தரையில். கல் அவன் விரலில் தட்டி என் காலுக்கு வந்தது. சத்தியமாக நான் யோசிக்கவில்லை. கால் தானாகப் போயிற்று. அரைக்கதவுக்கு அடியில் புகுந்த கல், வராண்டாவில் ஏதோ வாளியில் மோதி டணாரென்றது.

காய்ச்சல் வார்டின் பினாயில் வாசம் எனக்கு அங்கேயே அடித்தது.

"ஏனுங்க டாக்டரே, என்னுங்க சத்தம்?" என்றார் விவசாயி.

"உங்க கல்லுதானுங்க. வெளிய போயிருச்சு" என்று உளறினேன்.

"அதுக்குள்ளயுங்களா!"

பெரிய டாக்டர் சந்தானத்தைப் பார்த்தார். "தரையைத் தொட்டுட்டே. போய்க் கையைக் கழுவு." பிறகு என்னைப் பார்த்தார். என் கைகள் நெஞ்சுக்கு நேரே, கிண்ணத்தோடு, சுத்தமாக அப்படியே இருந்தன. (பந்து வரும்போது கையை நீட்டி எனக்கு ஏது பழக்கம்?)

"மடையா! ஆபரேஷன் பண்ற எடத்துல எவனாவது இப்படி உதைப்பானா? கை மட்டும் உருப்படி. வந்து தையல் போடு."

போட்டேன். சந்தோஷத்தில் கண் கலங்கியது. அந்த இடம் எனக்கே கிடைத்தது. பின்னாளில் பேராசிரியராகி, "எது விழுந்தாலும் கை கீழே போகக்கூடாது!" என்று மாணவர்களிடம் முழங்கினேன். காலைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஆனால் திரைக்குப் பின்னால் படுத்திருந்தவருக்குக் கேட்டது வேறு. டாக்டர் உதைத்தார், கல் வெளியே போய்விட்டது, அவ்வளவுதான். அதை அப்படியே ஊருக்குக் கொண்டுபோய்விட்டார் மனுஷர்.

எனக்குக் கல்யாணமான புதிதில், ஜேடர்பாளையத்திலிருந்து ஒரு பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். என் மனைவி காப்பி கொண்டுவரும் நேரம் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஆபரேசனெல்லாம் வேண்டாஞ் சாமி. எங்கூர்க்காரருக்குப் பண்ணுனாப்புல ஒரே ஒரு உதை உட்டுருங்க. தாங்கிக்கிறேன்."

அன்றைக்குச் சிரிக்கத் தொடங்கியவள் இன்னும் நிறுத்தவில்லை. வாசலில் யார் வந்து "டாக்டர் இருக்காருங்களா?" என்று கேட்டாலும், என் மனைவி உள்ளே திரும்பிக் குரல் கொடுப்பாள்:

"ஏனுங்க, உதைக்கு ஆள் வந்துருக்குது, செருப்பைக் கழட்டிட்டு வாங்க!"