ரோடு தாண்ட ஒரு மணி நேரம்

சுப்பராயனுக்கு என்று ஒரு நாளில் ஒரே ஒரு மணி நேரம்தான் உண்டு. மற்றதெல்லாம் ஊரான் சொத்து. பகல் முழுக்க எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்துக் கண்டெய்னர் யார்டுக்கு. மிச்சப் பொழுது ரமாபாய்க்கு. ரமாபாய் யார் என்று கேட்டால், அவனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அலுக்காமல் மேய்த்து வருகிற மகராசி.

யார்டு ரோட்டுக்கு இந்தாண்டை. வீடு ரோட்டுக்கு அந்தாண்டை, எர்ணாவூர் ஹவுஸிங் போர்டில் மூன்றாவது மாடி. யார்டு கேட்டை ஒட்டியே தகரக் கூரை போட்ட ஒரு கேரம் கிளப்பு. அஞ்சரைக்கு டூட்டி முடிந்தால் ஆறரை வரைக்கும் ஆள் அங்கேதான். எதிரே அவன் ஜோடி ஜெகதீசன், அதே யார்டில் கிரேன் ஓட்டுகிறவன்.

இது ரமாபாய்க்குத் தெரியாது. கேரமைத் தலைமுழுகிவிட்டேன் என்று போன பொங்கலுக்கே சொல்லிவிட்டான். சொல்ல வேண்டிய நிலைமை. மாமியார் வந்திருந்த அன்றைக்குச் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தவன், ஏதோ ஞாபகத்தில் தட்டிலிருந்த மசால்வடையை விரலால் சுண்டிவிட்டான். வடை நேராகப் போய் மாமியார் மடியில் விழுந்தது. நல்ல குறி என்று அவனே பாராட்டிக்கொண்டது இன்னும் பெரிய தப்பு.

இந்த வருஷம் என்ன நேரமோ, ஏரியா டபுள்ஸ் போட்டியில் ஒவ்வொரு ஜோடியாகச் சாய்த்து சுப்பராயனும் ஜெகதீசனும் பைனலுக்கு வந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பைனல். சுப்பராயன் வாழ்க்கையில் எதிலும் பைனல் வரைக்கும் போனதே இல்லை. அவன் கல்யாண ஆல்பத்தில்கூட மாப்பிள்ளைத் தோழன்தான் அதிகம் இருக்கிறான். இந்தக் கோப்பையை மட்டும் வாங்கிவிட்டால் ரமாபாயிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு நப்பாசை.

ஆனால் விளையாட விட்டால்தானே. சரியாக அந்த ஒரு மணி நேரத்தில்தான் ரமாபாய் போன் போடுவாள்.

"இன்னா பண்ணிகினு கீற?"

"வந்துகினே கீறேன் மே."

"வரசொல்ல கொத்தமல்லி வாங்கியா."

"சரி."

போனை வைத்துவிட்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பதமாக வளைத்து, ரெட்டுக்குக் குறி பார்ப்பான். மறுபடி போன்.

"கொத்தமல்லியோட பொதினாவும்."

"சரி மே."

"தக்காளி பாத்து வாங்கு. போன தபா நீ வாங்கியாந்தது மாடி ஏறசொல்லவே ரசமாயிட்ச்சு."

மூன்றாவது போனுக்குள் குறி தப்ப ஆரம்பித்துவிடும். காய் ஒரு பக்கம் போகும், ஸ்ட்ரைக்கர் குழிக்குள் விழும். ஜெகதீசன் தலையில் அடித்துக்கொள்வான்.

"மாமு, போன எடுக்காத."

"எடுக்கலன்னா வூட்ல சோறு கெடையாது."

"எடுத்தா கோப்பை கெடையாதே. இன்னா ரோதனை இது."

அந்தச் சமயத்தில்தான் டீக்கடையில் எவனோ போனில் ஒரு செய்தி காட்டினான். ஹோனலூலு என்று ஒரு ஊராம். அங்கே நடந்து போகிறவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே ரோட்டைத் தாண்டினால் தண்டனையாம். சட்டமே போட்டுவிட்டார்களாம். சுப்பராயன் டீயைப் பாதியில் வைத்தான். அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்தான். அதுவரை அந்தக் கூட்டத்தில் அவன் பேசியதெல்லாம் 'நாற்காலிய இப்டி போடு' என்பதுதான்.

"நம்ம ரோட்ட பாருங்க. ஹார்பருக்குப் போற கண்டெய்னர் லாரிங்க எந்நேரமும் லைன் கட்டி நிக்கிது. நாம அந்தச் சந்துல பூந்து வர்றோம். லைன் நவுரசொல்ல கிளீனரு கதவத் தட்டுவான். அந்தச் சத்தம்தான் நமக்கு உயிரு. காதுல போன வச்சிகினா அது கேக்குமா? போன மாசம் நம்ம சித்தார்த்து ஒத்த செருப்பு டயருக்கு அடியில போச்சு. கால் தப்பிச்சிது. அவன் அப்பவும் பேச்ச நிறுத்தல."

சித்தார்த் தலையைக் குனிந்துகொண்டான். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. இதில் ஒரு வார்த்தை பொய்யில்லை பாருங்கள். மனுஷன் பொய் சொல்வதற்காகத்தான் இவ்வளவு உண்மையையும் பேசினான்.

"அதனால ரோடு தாண்டசொல்ல போனத் தொடக் கூடாது. வந்தா எடுக்கவும் கூடாது. மீறுனா ஒரு வாரம் தண்ணி லாரி கியூல அவங்க வூட்டுக் கொடந்தான் கடைசி."

தண்ணி லாரியில் கடைசி என்றால் தண்ணியே இல்லை என்று அர்த்தம். சங்கச் செயலாளர் ரூத் டீச்சர், பிளாக்குப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறவர், உடனே கைதட்டினார். சட்டம் பாஸ். ரமாபாய் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டாள்.

"ஹோனலூலு எங்க கீது? மணலிக்கு அந்தாண்டையா?"

"அதுக்கும் அந்தாண்ட."

"நல்ல சட்டம்யா. எனக்கு ரொம்பப் புட்ச்சிகீது," என்றாள். அவள் ஒன்றைப் பிடித்திருக்கிறது என்று சொன்னால் சுப்பராயன் உஷாராகியிருக்க வேண்டும். புத்தி அன்றைக்கு லீவில் இருந்தது.

திங்கட்கிழமை போன் அடித்தது. எடுக்கவில்லை. அடித்து அடித்து ஓய்ந்தது. ரெட்டும் அதைத் தொடர்ந்து போட வேண்டிய ஃபாலோ காயும் ஒரே ஆட்டத்தில் உள்ளே போயின. ஜெகதீசன் கட்டிப்பிடித்துக்கொண்டான். வீட்டுக்கு வந்தால் ரமாபாய் வாசலில் நின்றாள்.

"எத்தினி தபா போன் போட்டேன். இன்னா பண்ணிகினு இருந்த?"

"ரோடு தாண்டிகினு இருந்தேன் மே. சட்டம் கீதுல்ல."

"ஒரு மணி நேரமாவா?"

"லைன் நவுரவே இல்ல. இந்தாண்டயும் வர முடில, அந்தாண்டயும் போவ முடில."

கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவளோ "அய்யோ பாவம்" என்று சொல்லிக் காலுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். சுப்பராயனுக்கு இது பழக்கமில்லாத பண்டம். காலை வைக்கவே பயந்தான்.

செவ்வாய்க்கிழமை ரோட்டு நடுக்கட்டையில் மாட்டிக்கொண்டதாகச் சொன்னான். புதன்கிழமை லாரி வெளிச்சம் கண்ணைக் கூசியதால் முன்னால் வைத்த காலைப் பின்னால் எடுத்து, மறுபடி முன்னால் வைத்து, மறுபடி எடுத்ததாகச் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே தன்மேல் பரிதாபம் வந்துவிட்டது. ரமாபாய் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். சட்டையைக் கழற்றச் சொல்லித் துவைக்க எடுத்துக்கொண்டு போனாள். இப்படி ஒரு பெண்டாட்டியையா இத்தனை நாள் தப்பாக நினைத்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

வியாழக்கிழமை வந்து பார்த்தால் மாடிப்படிக்குக் கீழே சங்கமே கூடியிருக்கிறது. நடுவில் ரமாபாய் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறாள்.

"என் வூட்டுக்காரருக்கு ரோடு தாண்ட ஒரு மணி நேரம் ஆவுது டீச்சரம்மா. தெனமும். நானு ரெண்டு நிமிசத்துல வந்துடுறேன், உங்க பசங்களும் வந்துடுதுங்க. இந்த மனுசனால முடில. கண்ணு தெர்லயா, காலு வர்லயா, தெரில. போன் போட்டாலும் எடுக்க மாட்டாரு. சட்டத்த மதிக்கிறவரு."

எல்லாரும் திரும்பி சுப்பராயனைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் இருந்த இரக்கத்தை அவன் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான். சித்தார்த் எழுந்து நாற்காலியைக் கொடுத்தான். ஒத்தச் செருப்போடு நின்றவனெல்லாம் இரக்கப்படுகிற நிலைமை.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சரம்மா," என்றான் சுப்பராயன். "நல்லாத்தான் கீறேன்."

"அப்டியா?" ரமாபாய் மெதுவாகத் திரும்பினாள். "அப்போ எத்தினி நேரம் ஆவுது, நீயே சொல்லு."

இரண்டு நிமிஷம் என்று சொல்லலாம். சொன்னால் மிச்ச நேரம் எங்கே போனது என்று கேட்பாள். நாளைக்குப் பைனல். மொத்த பிளாக்கும் காத்துக்கொண்டிருந்தது.

"ஒரு மணி நேரம்... ஆவுது," என்றான்.

"பாத்தீங்களா," என்று ரமாபாய் மறுபடி மூக்கைத் துடைத்தாள்.

ரூத் டீச்சர் உடனே தீர்வு சொல்லிவிட்டார். ரோட்டுக்கு இந்தாண்டை, யார்டுப் பக்கத்து ஸ்கூலில் படிக்கிற பொடிசுகளை தினமும் அஞ்சரைக்கு ஒரு நைலான் கயிற்றைப் பிடிக்க வைத்து வரிசையாக அவர்தான் தாண்டிக் கூட்டி வருகிறார். அதே கயிற்றில் அண்ணனும் வந்துவிடட்டும் என்றார். துணைக்கு நான் வருகிறேன் என்று ரமாபாய் முந்திக்கொண்டாள்.

அன்றைக்குச் சுப்பராயனுக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் யார்டிலிருந்து போன் போட்டான். குரலைச் சோர்வாக வைத்துக்கொண்டான்.

"இன்னிக்கு ஓவர்டைம் மே. எட்டு மணியாவும். நீ கயிறு எடுத்துகினு வராத."

"சரிய்யா."

"நெஜமாவே வராத."

"அதான் சரின்னுட்டேனே. ஒடம்பப் பாத்துக்க."

இவ்வளவுதானா என்று அவனுக்கே ஆச்சரியம். அஞ்சரைக்கு முகம் கழுவி, தலை வாரி, விரல்களைச் சொடக்கெடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினான். வெளியே நைலான் கயிறு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு யூனிபார்மில் பொடிசுகள். முன்னால் ரூத் டீச்சர், கையில் சிவப்புக் கொடி. பின்னால் ரமாபாய்.

"ஓவர்டைம் அதுக்குள்ள முட்ச்சிட்டியா? வேலைல உன்ன மாரி சுருக்கு யாரும் கெடையாதுய்யா. வா, வந்து புடி."

"மே, கொஞ்சம் வேல கீது. நீங்க போங்க, நான் அப்பால வரேன்."

"தனியாவா? வேணாம்பா. ஒரு மணி நேரம் தத்தளிப்ப. டீச்சரம்மா, இவர நடுவுல போட்டுக்கலாம்."

கேட்டில் ஷிப்டு முடிந்து வந்த கூட்டம் மொத்தமும் நின்றுவிட்டது. கத்தினால் சிரிப்பார்கள். ஓடினால் இன்னும் சிரிப்பார்கள். சுப்பராயன் கயிற்றைப் பிடித்தான். அவனுக்கு முன்னால் மகிழினி என்கிற குட்டிப் பெண், முதுகை விடப் பெரிய பை. அவள் திரும்பிப் பார்த்து, ஒரு கையால் கயிற்றையும் மறுகையால் அவன் சுண்டுவிரலையும் பிடித்துக்கொண்டாள். பின்னாலிருந்து ரமாபாய் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அது போலீஸ் பிடி.

கேரம் கிளப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். லைட்டெல்லாம் போட்டு, வாசல் வரைக்கும் கூட்டம். மேஜைமேல் கோப்பை. வாசலில் நின்ற ஜெகதீசன் வரிசையைப் பார்த்தான். வரிசையில் இருந்த சுப்பராயனைப் பார்த்தான். அவன் வாய் திறந்தது, மூடவே இல்லை. சுப்பராயன் கண்ணாலேயே ஏதோ சொல்லப் பார்த்தான், அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது.

கண்டெய்னர்களுக்கு நடுச் சந்தில் பாதி தூரம் வந்திருப்பார்கள். சட்டைப் பையில் போன் அடித்தது. யாரென்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. சுப்பராயன் கயிற்றிலிருந்து கையை எடுக்கப் போனான். பொடிசுகள் மொத்தமும் ஒரே குரலில் கத்தின.

"போன் தொடக் கூடாது அங்கிள். தண்ணி லாரில கடைசி."

"தொடலம்மா. தொடல," என்றான்.

போன் பாடிக்கொண்டே இருந்தது. அவன் போட்ட சட்டம். அவன் வாயாலேயே படித்துக் காட்டிய தண்டனை. போன் நின்றபோது அவன் கோப்பை கைவிட்டுப் போனது அவனுக்கே தெரிந்தது. அழுகையாக வந்தது.

"ஜெகதீசனாத்தான் இருக்கும்," என்றாள் ரமாபாய், காதுக்குப் பின்னால். "நீ வர மாட்ட, டீச்சரம்மா வூட்டுக்காரர ஜோடி சேத்துக்கோன்னு காலைலயே சொல்ட்டேன், உன்கிட்ட மூச்சு வுடக் கூடாதுன்னும் சேத்து. நம்பாம போட்டுப் பாக்கறாரு போல."

சுப்பராயனுக்குக் கால் நின்றுவிட்டது. கயிறு இழுத்தது, மறுபடி நடந்தான்.

"உனக்கு... எப்டி மே?"

"பொங்கலுக்கு அப்பாலயும் தெனம் உன் சட்டைக் கைல கேரம் பவுடரு. கிளப்புல கேட்டா பைனலு வரைக்கும் சொல்ட்டாங்க. ரோட்டுல எவன்யா பவுடர் தூவி வச்சிகீறான்?"

கிளீனர் யாரோ கதவைத் தட்டினான். ரூத் டீச்சர் கொடியை ஆட்டினார். வரிசை அந்தாண்டை ஏறியது. தாண்ட இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

மகிழினிக்கு இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. அவன் சுண்டுவிரலை விடாமல் அண்ணாந்து பார்த்தாள்.

"அங்கிள், நீங்க எந்த கிளாஸு?"

சுப்பராயன் பதில் யோசிப்பதற்குள் ரமாபாய் குனிந்து, குழந்தையின் பையைச் சரிசெய்தபடியே சொன்னாள்:

"பிரீகேஜி கண்ணு. இன்னிக்குத்தான் சேத்துகீறேன்."