சைபர் அஞ்சா, சைபர் ஆறா?

கையெழுத்துப் போடுவதற்காகப் பேனாவைத் திறந்த சுங்க அதிகாரி, என்ன தோன்றியதோ, மறுபடி மூடிவிட்டார்.

"ஆம்பளைச் சட்டைன்னு எழுதியிருக்கீங்க. லேபிள் ஒண்ணையும் காணோமே?"

"லேபிள் இங்க வந்துதான் சார் தைப்பாங்க," என்றார் அட்டவணை.

அட்டவணை என்பது ஆபீசில் அவருக்கு வைத்த பெயர். இறக்குமதியாளர்களுக்காகச் சுங்கத்துக்கு அலையும் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருஷமாகக் குமாஸ்தா. எந்தப் பொருளுக்கு எந்த எண், எந்த எண்ணுக்கு எவ்வளவு வரி என்று சொல்லும் தடிப் புத்தகம் அவருக்கு அட்டை முதல் அட்டை வரை மனப்பாடம். வீட்டுக்கு வாங்கி வரச் சொன்ன மூன்று சாமான் மட்டும் ஒருநாளும் மனதில் நிற்காது.

அன்றைய சரக்கு மச்சினனுடையது. இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு அவன் முதல்முதலாக வரவழைத்த சரக்கு. நெய்த துணியில் தைத்த அறுநூறு ஆண்கள் சட்டை, ஒரு பஸ் கம்பெனி டிரைவர்களுக்குச் சீருடை. சனிக்கிழமை கம்பெனி ஆள் வந்து பார்ப்பார். ஒரு குறை இருந்தாலும் ஆர்டர் ரத்து, அதோடு மச்சினனின் வியாபாரமும் காலி. "சுங்கத்தை என்கிட்ட விடு மாப்பிள்ளை," என்று மனைவியை வைத்துக்கொண்டே நெஞ்சைத் தட்டிச் சொல்லியிருந்தார் அட்டவணை.

"லேபிள் இல்லாம ஆம்பளைச் சட்டைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? சும்மா கேட்டேன்," என்றார் அதிகாரி.

அவர் சும்மாதான் கேட்டார். 'பாத்தாலே தெரியுதே சார்' என்று சொல்லியிருந்தால் பேனா மறுபடி திறந்திருக்கும். ஆனால் பத்தொன்பது வருஷப் படிப்பு தொண்டை வரைக்கும் வந்து நிற்கிறதே, அது சும்மா இருக்குமா?

"அதுக்குன்னே ஒரு குறிப்பு இருக்கு சார். இடது பக்கத் துணி வலது பக்கத்துக்கு மேல வந்து மூடினா ஆம்பளைச் சட்டை, அறுபத்திரண்டு சைபர் அஞ்சு. வலது பக்கம் மேல வந்தா பொம்பளைச் சட்டை, அறுபத்திரண்டு சைபர் ஆறு."

அதிகாரி மேஜையில் விரித்திருந்த சட்டைமேல் குனிந்தார். நிமிர்ந்து தன் நெஞ்சைப் பார்த்தார். மறுபடி மேஜையைப் பார்த்தார்.

"என் சட்டைல மேல இருக்கிறது இந்தப் பக்கத் துணி. இதுல அந்தப் பக்கத் துணில்ல மேல இருக்கு?"

அட்டவணையும் குனிந்தார். தன் நெஞ்சையும் பார்த்தார். பக்கத்து மேஜைக்காரர்கள் இருவரும் பியூனும்கூட எழுந்து வந்து, ஆளுக்கு ஒருமுறை மேஜையையும் தங்கள் பட்டனையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஐந்து பேருக்கும் ஒரே முடிவு.

"பொம்பளைச் சட்டை," என்றார் அதிகாரி. "நல்ல வேளை நீங்க சொன்னீங்க. இல்லேன்னா நான் பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பேன்."

"சார், காலர் அளவு பதினேழு. எந்தப் பொம்பளைக்குக் கழுத்து பதினேழு இருக்கும்?"

"எங்க மாமியாருக்கு இருக்கு. அடுத்தது சொல்லுங்க."

"ஆணா பெண்ணான்னு தீர்மானிக்க முடியலேன்னு எழுதிக்கலாமே?"

"தீர்மானிக்க முடியலேன்னா எந்தக் கணக்குல சேரும்?"

அந்தக் குறிப்பும் அட்டவணைக்கு மனப்பாடம். தெரியாதென்று சொல்லக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

"பொம்பளைக் கணக்குலதான் சார்," என்றார் ஈனசுரத்தில்.

"நல்லாப் படிச்சிருக்கீங்க," என்று அதிகாரி மனதாரப் பாராட்டினார்.

மச்சினன் போனில் ஒரு யோசனை சொன்னான். "மாமா, தைச்சு அனுப்பினவங்ககிட்டயே கேட்டா என்ன?"

சரியென்று அட்டவணை, 'பட்டன் பக்கம் மாறி வந்திருக்கிறது, உடனே விளக்கம் தேவை' என்று காரசாரமாக ஒரு மெயில் தட்டினார். பத்தே நிமிஷத்தில் பதில் வந்தது. 'தவறுக்கு மிகவும் வருந்துகிறோம். இனி நடக்காமல் பார்த்துக்கொள்கிறோம்.' எதிர்முனையில் ஒருவரும் நாற்காலியை விட்டு எழுந்து ஒரு சட்டையைக்கூடப் பார்த்ததாகத் தெரியவில்லை. எட்டிப் பார்த்த அதிகாரி அந்தப் பதிலை அச்செடுத்துக் கோப்பில் குத்திவிட்டார். தைத்தவனே ஒப்புக்கொண்ட பிறகு மேல்முறையீட்டுக்கும் வழியில்லை.

வேறு வழி? சைபர் ஆறு என்று திருத்தி எழுதி, புதன்கிழமை மாலை சரக்கை வெளியே எடுத்தார்கள்.

"ஒரு சட்டைய ஆம்பளைச் சட்டைன்னு நிரூபிக்க முடியல," என்றாள் மனைவி, அன்று ராத்திரி இருவருக்கும் சோறு போட்டபடி. "பத்தொன்பது வருஷமா தினம் அங்க போய் என்னதான் பண்றீங்க?"

மச்சினன் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தான். ஒரு வாய்கூட இறங்கவில்லை. அவன் முகத்தைப் பார்க்கப் பார்க்க அட்டவணைக்கு அழுகையே வந்துவிட்டது. நம்பி விட்டவனை நாமே கவிழ்த்துவிட்டோமே என்று உள்ளுக்குள் அறுத்தது. அந்த வேதனையில்தான் அவருக்கு அந்த யோசனை உதித்தது.

"மாப்பிள்ளை, வரி கட்டி வெளிய வந்தாச்சு. இனிமே அது நம்ம சட்டை. பட்டன் பக்கத்த மாத்திட்டா ஆம்பளைச் சட்டைதானே?"

மச்சினன் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு கவளம் வாயில் போட்டான்.

பன்னிரண்டு மெஷின் வைத்திருக்கும் டெய்லர் ஒருவரை அட்டவணை போனில் பிடித்தார். "மேல இருக்கிற பக்கம் கீழ போகணும், கீழ இருக்கிறது மேல வரணும். பட்டன் நுழையுற காஜா எல்லாத்தையும் அடைச்சிட்டு மறுபக்கம் புதுசாப் போடுங்க. சனிக்கிழமை காலைல வேணும்."

"அறுநூறுமா சார்? எதுக்கு சார் இப்படி?"

"சுங்கத்துல எழுத்துல குடுத்திருக்காங்க. கேள்வி கேக்காம தைங்க."

எழுத்தில் என்றதும் டெய்லர் வாயை மூடிக்கொண்டார். வியாழனும் வெள்ளியும் பன்னிரண்டு மெஷினும் மூச்சுவிடாமல் ஓடின. அடைத்த காஜா இருந்த இடமே தெரியவில்லை, அவ்வளவு சுத்தமான வேலை.

சனிக்கிழமை காலை மச்சினனின் கிடங்கில் அறுநூறு சட்டையும் அடுக்கடுக்காக வந்து இறங்கின. பஸ் கம்பெனி ஆள் கிளம்பிவிட்டார், கால் மணி நேரத்தில் வந்துவிடுவார் என்று போன் வந்தது. அட்டவணை மேலே இருந்த சட்டையை உருவி மேஜையில் விரித்தார். குனிந்து அதைப் பார்த்தார், தன் நெஞ்சைப் பார்த்தார். மச்சினனும் அப்படியே பார்த்தான். மேஜையில் எந்தப் பக்கமோ நெஞ்சிலும் அந்தப் பக்கம். அச்சு அசலாகப் பொருந்தியது.

"மாமா, நீங்க இல்லேன்னா நான் நடுத்தெருவுலதான்," என்று மச்சினன் அவரைக் கட்டிக்கொண்டான். அட்டவணைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனைவிக்கு உடனே போன் போடலாம் என்று பாக்கெட்டில் கைவிட்டார்.

கழுத்தில் டேப்போடு ஓரமாக நின்றிருந்த டெய்லர் மேஜையைப் பார்த்தார், இவர்கள் இருவர் நெஞ்சையும் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"விரிச்சுப் போட்ட சட்டை நம்மளப் பாத்துல்ல சார் மல்லாந்து கிடக்கு, அதோட இடது பக்கம் நமக்கு வலது பக்கமாத்தானே தெரியும்? வந்தப்போ அறுநூறும் ஆம்பளைச் சட்டையாத்தான் இருந்துச்சு, நீங்க சொன்னீங்கன்னு நான்தான் ராத்திரி பகலா உக்காந்து எல்லாத்தையும் பொம்பளைச் சட்டையா மாத்திக் குடுத்திருக்கேன்."