முடிச்சு போட்டது பிளஸ்

பேட்டரியைத் தலைகீழாக மாட்டிவிடுகிறவர்கள் ஒரு வகை. ‘நானாவது, தலைகீழாக மாட்டுவதாவது!’ என்கிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையால் பெரிய ஆபத்தில்லை. தங்களைப் பற்றித் தெரிந்திருப்பதால் பயந்து பயந்து மாட்டுவார்கள். நான் சொல்ல வந்தது இரண்டாம் வகையை.

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். மேசை நிறையப் பாதி கழற்றிய ரேடியோ, மூடி தொலைந்த ரிமோட், எதிலிருந்து வந்தன என்று தெரியாத திருகாணிகள். சால்டரிங் அயர்னைக் காதில் செருகிக்கொள்ளாததற்கு ஒரே காரணம், அது சுடும். பேட்டரியில் ஓடும் எந்தப் போர்டையும் செய்து காட்டுவார். ஆனால் அதில் ஒரு டையோடும் ஒரு ஃபியூஸும் சேர்க்கச் சொல்லிப் பாருங்கள்: வீட்டுக்குள் ஹெல்மெட் போட்டுக்கொள்ளச் சொன்னதுபோல் பார்ப்பார்.

என் மச்சினன் இந்த வகையில் அசல் சரக்கு. இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆன அவன் அப்பா, ஆறு வாரம் மாடியறைக் கட்டிலை விட்டுத் தனியாக எழக்கூடாது. கீழே சமையலறையில் இருக்கும் மருமகளைக் கூப்பிட ஒரு மணி வேண்டும். மாடியில் பொத்தான், சமையலறையில் மணி: ஒரே நாளில் செய்துவிட்டான். சுத்தமான வேலை, மறுக்கமாட்டேன்.

“மாத்தி மாட்டினா கரண்ட்டைத் தடுக்க டையோடு எங்கடா?”

“அது அரை வோல்ட்டைத் தின்னுடும் மாமா.”

“ஃபியூஸ்?”

“எதுக்கு? மாட்டப்போறது நான்தானே.”

பேட்டரிக்குப் போகும் ஒயர் இரண்டும் கறுப்பு. சிவப்பு தீர்ந்துவிட்டதாம். “ஒண்ணுல முடிச்சு போட்டிருக்கேன் பாருங்க. முடிச்சு போட்டது பிளஸ். மறக்குமா?”

பன்னிரண்டாம் நாள் பேட்டரி தீர்ந்தது. அவன் வேலையில் இருந்தான். மனைவி சமையலறையிலிருந்து போன் செய்தாள்.

“என்னங்க, முடிச்சு போட்டது பிளஸ்ஸா, மைனஸா?”

“பிளஸ்… இரு இரு. மைனஸ்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“செஞ்சவன் நானா நீயா? மாட்டு.”

மாட்டினாள். போர்டு ஒரு பெருமூச்சு விட்டது, மெல்லிய புகை எழுந்தது, அவ்வளவுதான். கீழே அவள் போனில் புருஷனை உரித்தெடுத்துக்கொண்டிருக்க, மேலே பெரியவர் பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். யாரும் வரவில்லை என்றதும் தானே எழப் பார்த்தார். கட்டில் கிரீச்சிட்டது அவள் காதில் விழுந்ததால்தான் அவர் விழாமல் பிழைத்தார். ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தாள்.

மாலையில் மகன் வீடு திரும்பியபோது பெரியவர் மடியில் ஒரு தட்டும் கரண்டியும் இருந்தன. கரண்டியால் தட்டில் ஓங்கி ஒரு அடி அடித்தார்.

“டேய், இந்த மணி எந்தப் பக்கம் பிடிச்சாலும் அடிக்குதுடா.”

கருகிய போர்டு என் மேசைக்கு வந்தது. வெந்ததை மாற்றி, டையோடும் ஃபியூஸும் வைத்து, பிளஸ்ஸுக்குச் சிவப்பு ஒயர் போட்டேன். மணி பழையபடியே அலறியது; அந்த அரை வோல்ட்டை யாரும் தேடவில்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் சொன்னான்: “நானே போடணும்னுதான் இருந்தேன் மாமா.”

சிரிக்கிறீர்கள். சிரித்து முடித்ததும் உங்கள் வீட்டு எமர்ஜென்சி விளக்கைத் திறந்து பாருங்கள். ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் செம்புக்கம்பி இழை ஒன்று ‘இப்போதைக்கு’ என்று சுற்றியிருக்கும். சுற்றியது யார் என்பது உங்களுக்கே தெரியும். எத்தனை வருடமாயிற்று என்பதுதான் நினைவிருக்காது. பரவாயில்லை. ஒரு தட்டையும் கரண்டியையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.