பச்சைத் தண்ணீர்ப் பிரகடனம்

நாற்பது ஆண்டுகள் முதலாளிகளை நடுங்க வைத்த நான், கேவலம் ஒரு ஹீட்டரிடம் தோற்பதா?

வீட்டு மின்சாரத்தில் பெரும்பங்கைத் தின்பது யார் என்று ஒரு துண்டுப் பிரசுரத்தில் படித்தேன். விளக்கல்ல, விசிறியல்ல. குளியலறைச் சுவரில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும் அந்த வெள்ளைப் பானை வயிறன்தான். அன்று மாலையே குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்தேன்.

"இனி என் உடம்பில் ஒரு சொட்டு வெந்நீர் படாது!"

பன்னிரண்டு குடும்பங்களும் கைதட்டின. எனக்குக் கைதட்டல் விழுந்து எட்டு வருஷமாகிறது. தொழிற்சங்க அலுவலகத்தில் என் படத்தைக் கழற்றிவிட்டு, அதே ஆணியில் நாட்காட்டி மாட்டிய நன்றிகெட்டவர்கள் எங்கள் சங்கத்துக்காரர்கள். இந்தக் கைதட்டலையாவது நான் இழக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்.

"ஏங்க, உங்க முட்டி?"

"முட்டிக்கு என்ன?"

"தடியடி வாங்கின முட்டி. குளிர்ந்தா மடங்காதே."

"தடிக்கே மடங்காத முட்டி, தண்ணிக்கா மடங்கப் போகுது?"

"அதையேதான் நானும் சொல்றேன். மடங்காது."

படம் போனாலும் தினமும் சங்க அலுவலகத்துக்குப் போய்வந்து, மாலையில் குளிப்பவன் நான். முதல் நாள், முதல் குவளையிலேயே ஒரு முழக்கம் கிளம்பியது. கொள்கை முழக்கமல்ல. இரண்டாம் நாள் முட்டி வேலைநிறுத்தம் அறிவித்தது. மூன்றாம் நாள் படியேற முடியாமல் பாதியில் நின்றேன். மனைவி வந்து தோள் கொடுத்தாள்.

"ஹீட்டரைப் போடட்டுமா? யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"என் மனசாட்சிக்குத் தெரியுமே!"

"அது எந்த மாடில குடியிருக்கு?"

நான்காம் நாள் வாளி நிரம்பித் தயாராக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினேன். குளிரவில்லை! இதமாக இருந்தது. முட்டி சொன்ன பேச்சைக் கேட்டது. ஹீட்டரைத் தொட்டுப் பார்த்தேன். பிணம்போல் ஜில்லென்றிருந்தது. அப்படியானால் சூடு எங்கிருந்து வந்தது? என் உள்ளத்திலிருந்துதான்!

"பாத்தியா? கொள்கை இருந்தா உடம்பே தண்ணியைச் சூடாக்கும்."

"உங்களுக்குச் சூடு சொரணை கொஞ்சம் ஜாஸ்திதாங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் 'மன உறுதியே வெந்நீர்' என்று நாற்பது நிமிடம் முழங்கினேன். பலத்த கைதட்டல். சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். உணர்ச்சிப் பெருக்கு என்று நினைத்தேன்.

வெளியே வந்தபோது மேல் வீட்டுத் தையற்காரம்மா வழிமறித்தாள்.

"அண்ணே, வீட்ல இன்னும் கறுப்புத் துணி இருக்கா?"

"எதுக்கும்மா?"

"எங்க டிரம்முக்கும் சட்டை தைக்கணும். அக்கா கொடுத்தது உங்க டிரம்முக்கே சரியாப் போச்சு."

மொட்டை மாடிக்கு ஓடினேன். உச்சி வெயிலில் ஒரு தண்ணீர் டிரம், கழுத்துவரை கறுப்புச் சட்டை போட்டு நின்றது. என் கறுப்புக் கொடிகள்! எத்தனை அமைச்சர்களுக்குக் காட்டியிருப்பேன்! ஒருவருக்கும் சுட்டதில்லை. தண்ணீருக்குச் சுட்டிருக்கிறது.

பக்கத்தில் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"நீங்க படியில நின்னீங்களே, அதுக்கு மறுநாள்லேருந்து."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"டிரம்மைத் தூக்கிட்டு வந்ததே அவங்கதானே."

கோபப்படத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. ஊரார் உரிமைக்கெல்லாம் நான் ஆள் திரட்டியிருக்கிறேன். என் ஒற்றை முட்டிக்காக ஆள் திரட்டியவள் இவள் ஒருத்திதான். நன்றி சொல்லிப் பழக்கமில்லாத வாய். ஈரப் புடவையின் மறுமுனையைப் பிடித்துப் பிழிந்து கொடுத்தேன்.

"தெரிஞ்சுமா என்னை நாற்பது நிமிஷம் பேச விட்டீங்க?"

"சும்மா விடலைங்க. முந்தின நாளே கூடி, உங்களைப் பேச விடலாமா வேண்டாமான்னு ஓட்டு எடுத்தோம். ஒரே ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சீங்க."

"அந்த ஒரு ஓட்டு யாரோடது?"

"அது ரகசிய ஓட்டுங்க."